மஜீட் காக்காவின் பெயரை விழுங்கிய ஷெல்

வாவி மீனவர் விவசாயிகள் ஒன்றியத்தின் தலைவர், படுவான்கரை பெற்ற பெருந்தகை நல்லரத்தினம் அவர்களே! வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலிருந்தும் மேற்கே படுவான்கரையிலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளைத் தோளில் சாய்த்தபடி நிற்கும் தாய்மார்களே! வலை கழுவிய கையோடு வந்தவர்களே, வயல் வட்டைச் சேறு காலில் காயாமல் வந்தவர்களே! முன்வரிசையில் அமர்ந்து, "இந்த மனிசன் எப்ப முடிப்பார்" என்று மணிக்கூட்டைப் பார்க்கும் எங்கள் பிரஷாந்தியே! உங்கள் எல்லோருக்கும் செயலாளர் ஆதம்பாவாவின் சலாமும் வணக்கமும்.

என்ன தம்பி, பின்னால என்ன சத்தம்? "சுருக்கிப் பேசுங்க காக்கா"வா? பேசுறன், பேசுறன். இன்றைக்குச் சொல்ல வந்த கதையே அதுதான். நீட்டி முழக்கும் இந்த நாக்கு எப்படி மூக்குடைபட்டது என்ற கதை!

மாரி வந்தால் வாவி பெருகும். முகத்துவாரத்து மணலை வெட்டாவிட்டால் வட்டையில் வெள்ளம். வெட்டிவிட்டால் கடலுக்குப் பாய்கிற நீரோடு கட்டிக் கிடக்கிற வலையும் போய்விடும். ஆகவே நீர்மட்டம் எவ்வளவு, வெட்டு எப்போது என்று நூற்றுப் பதினெட்டு அங்கத்தவருக்கும் கைபேசியில் செய்தி போகவேண்டும். அந்த ஏற்பாட்டை எழுதித் தந்தவர் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்த பிரஷாந்தி. எங்கள் காரியாலயத்துக் கணினியில் ஷெல் என்றொரு மென்பொருள் இருக்கிறது. படமில்லை, பொத்தானில்லை, கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினால் செய்யும். அது பெயர்ப்பட்டியலை வரிவரியாக வாசிக்கும். வாசித்த பெயருக்கெல்லாம் செய்தி போகும்.

போன மாரியில் வெட்டுக்கு முதல் நாள் அனுப்பிய செய்தி நூற்றுப் பதினேழு பேருக்குத்தான் போனது. போகாத ஒருவர், இதோ இருக்கிறார், காத்தான்குடி மஜீட் காக்கா. மறுநாள் அவருடைய பதினாலு வலையும் கடலோடு போயின.

அதற்குப் பிறகு எழுந்த குசுகுசுப்பை மேடையில் சொல்லக் கூசுகிறது. "பேரைப் பார்த்துத்தான் பிரஷாந்தி அவரை விட்டிருக்கா" என்றார்கள்! தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் இந்த வாவிக்கரையில் அப்படியொரு குசுகுசுப்பு எங்கே போய் முடியும் என்று உங்களுக்கு நான் சொல்லவும் வேண்டுமா? மஜீட் காக்கா நேரே போய்க் கேட்டார்.

"புள்ள, என்ட பேர் இதுல இரிக்கா, இல்லயா?"

"இருக்கு காக்கா, இந்தா பாருங்க. பட்டியல் சரி, நான் எழுதின கட்டளையும் சரி. வாசிக்கிற ஷெல்லுதான் பிழை."

யார் நம்பினார்? உலகமெல்லாம் பாவிக்கிற ஷெல் பிழையாம், இந்தப் பிள்ளை சரியாம்! நீங்கள் நம்பினீர்களா? நான் நம்பினேனா? இல்லை! பிரஷாந்தியை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதத்தை எழுதியதே இந்தக் கைதான். மாதக் கடைசி ஞாயிறு வாக்கெடுப்பு என்று நாளும் குறித்தோம்.

அதற்குள், வாவி ஏறுகிறது என்று இரண்டாவது செய்தி போனது. இம்முறை மஜீட் காக்காவுக்குக் கிடைத்தது. கிடைக்காதவர் யார் தெரியுமா? தலைவர் நல்லரத்தினம்! அவருடைய தண்ணீர் மோட்டர் வட்டையோடு மூழ்கியது. சிரியாதீங்க, தலைவர் இன்னும் மறக்கவில்லை.

எல்லோரும் கத்தினோம். பிரஷாந்தி மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: "ரெண்டு செய்திக்கும் நடுவில பட்டியல்ல என்ன மாறினது?" மேலே ஒரு புதுப் பெயர் சேர்ந்திருந்தது. அதனால் எல்லோரும் ஒரு படி கீழிறங்க, மஜீட் நின்ற இடத்துக்கு நல்லரத்தினம் வந்திருந்தார். ஆளில் பிழையில்லை, அந்த இடத்தில்தான் பிழை! ஷெல்லை ஆக்கியவர்களுக்கு அறிவிப்போம் என்றார் பிரஷாந்தி.

ஒன்றியத்தின் பேரில் ஒரு வரி போனாலும் செயலாளர்தான் எழுதுவான் என்று நான் குறுக்கே விழுந்தேன். எழுதினேன் ஐயா, எழுதினேன்! அவர்களுடைய சுகம் விசாரித்து ஒரு பந்தி, எங்கள் வாவியின் அழகுக்கு ஒரு பந்தி, அவர்களுடைய அறிவுக்கு ஒரு பந்தி. கடைசியில், "தங்கள் மேலான ஷெல்லில் ஏதோவொரு சிறு குறை இருக்கக்கூடும்" என்று பணிவாக ஒரு வரி. அதோடு விட்டேனா? வெளிநாட்டு மனிதர் வாசிக்கக் கஷ்டப்படக்கூடாதே என்று புதுப் பெயரோடு நூற்றுப் பத்தொன்பது பெயரையும் ஆங்கில எழுத்துக்கு மாற்றி இணைத்தேன்.

இரண்டே வரியில் பதில். "அன்பான கடிதத்துக்கு நன்றி. உங்கள் பட்டியலை ஓட்டிப் பார்த்தோம், எல்லாப் பெயரும் சரியாக வருகின்றன."

அவ்வளவுதான், அந்தப் பிள்ளையின் கதை முடிந்தது என்று நினைத்தோம். வாக்கெடுப்புக்கு நாலு நாள் கிடந்தது. பிரஷாந்தி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

"காக்கா, வீட்டுக்கு வந்த விருந்தாளிட்ட சுகம் கேக்குற மாதிரி எழுதியிருக்கிறீங்க. என்ன செய்தம், என்ன வரவேணும், என்ன வந்தது, இது மூண்டும் அந்தக் கடிதத்தில இல்ல. மறுகா, பேரெல்லாத்தையும் மாத்தியும் போட்டீங்க. பிழை அந்தத் தமிழ் எழுத்துக்குள்ளதானே கிடக்கு!"

பிறகு அவர் உட்கார்ந்த இருப்பைப் பார்க்கவேண்டும்! பட்டியலைப் பாதியாக வெட்டினார், ஓட்டினார். பிழை இருக்கிற பாதியை வைத்துக்கொண்டார். பெயர்கள் பழைய இடத்திலேயே நிற்க மேலே வெற்று வரிகளை நிரப்பினார், மறுபடி வெட்டினார், மறுபடி ஓட்டினார். கடைசியில் பிடித்தார்! ஷெல் பட்டியலை வாளி வாளியாக அள்ளுகிறது. ஆங்கில எழுத்து ஒன்று கணினியில் ஒரு துளி. தமிழ் எழுத்து மூன்று துளி, சிலவேளை ஆறு. ஒரு தமிழ் எழுத்து பாதி இந்த வாளியிலும் பாதி அடுத்த வாளியிலும் விழுந்தால், ஷெல் அந்தப் பெயரையே வீசிவிடுகிறது. வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்வதுமில்லை!

புது அறிவிப்பை அனுப்ப முன் மஜீட் காக்காவிடமும் தலைவரிடமும் பெயரைப் போடலாமா என்று கேட்டார். மஜீட் காக்கா சொன்னார்: "போடு புள்ள, தமிழ் எழுத்திலயே போடு." முழு அறிவிப்பும் மூன்று வரி. கீழே, யாரும் ஓட்டிப் பார்க்கக்கூடிய சின்னப் பட்டியல். சுகவிசாரணை இல்லை, வாவி இல்லை, ஆதம்பாவா இல்லவே இல்லை!

வாக்கெடுப்பன்று காலையில் பதில் வந்தது. "இங்கும் அதே பிழை வருகிறது. தவறு எங்களுடையது. திருத்திவிட்டோம்."

கைதட்டுங்கள்! தாய்மார்களே, இன்னும் பலமாக! ஏனென்றால் அவர்கள் திருத்தியதோடு நிற்கவில்லை. இனி அந்த ஷெல்லில் உலகத்தின் எந்த மூலையில் யார் என்ன மாற்றினாலும், வெளியே விட முன் ஒரு சோதனை ஓடும். அந்தச் சோதனைக்குள் தமிழ் எழுத்தில் இரண்டு பெயர் இருக்கிறது. ஒன்று மஜீட், மற்றது நல்லரத்தினம்! இந்த இரண்டு பெயரையும் முழுதாக வாசித்தால்தான் அந்த ஷெல் வாசலைத் தாண்டலாம். எங்கள் வாவியின் இரண்டு கரையையும் அங்கே அருகருகே உட்கார வைத்தது யார்? பேரைப் பார்த்து விடுகிறாள் என்று நாங்கள் பழி சொன்ன பிள்ளை!

அன்று வாக்கெடுப்பு நடக்கவில்லை. ஆனால் நான் எழுதிய கடிதம் இன்னும் என் சட்டைப்பையில்தான் கிடக்கிறது. ஆகவே, பிரஷாந்தி, நீ காட்டித் தந்த முறையிலேயே நானும் இந்தச் சபையில் ஒரு பிழையை அறிவிக்கிறேன்.

நான் செய்தது: பட்டியலைத் திறந்து பாராமல் உன்னை நிறுத்தக் கடிதம் எழுதினேன். செய்திருக்க வேண்டியது: நீ சொன்ன அன்றே பக்கத்தில் இருந்து பார்த்திருக்க வேண்டும். நடந்தது: நேர்மையான ஒரு பிள்ளை மூன்று கிழமை எங்கள் முன்னால் தலை நிமிராமல் நடந்தாள். தவறு என்னுடையது, மகள். இந்தா, எல்லோரும் பார்க்கக் கிழிக்கிறேன்.

பொறுமையாகக் கேட்ட இரு கரைக்கும் நன்றி. சுருக்கச் சொன்ன தம்பிக்கும் நன்றி. சலாம், வணக்கம்.