ஆந்தைக்கு விழுந்த என் கையெழுத்து

மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் நிறுவன முதலாளி அவர்களே, சுங்க முகவர் எழுத்தர் சங்கத்தின் பொறுப்பாளர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, சரக்கைப் பாதியில் நிறுத்திவிட்டு ஓடிவந்திருக்கும் தோழர்களே! கனத்த மனத்தோடு எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. பத்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் நான். அந்த வகுப்பு அவ்வளவு பிடித்திருந்தது என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். இந்த உரையை எழுதித் தரும்படி மகளிடம் கேட்டேன். "உங்க அண்ணன், நீங்களே எழுதுங்கப்பா" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். நானே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். எழுத்துப்பிழை காதில் விழாது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

யாரை இழந்திருக்கிறோம் நாம்? அட்டவணை அண்ணனை இழந்திருக்கிறோம்! சுங்க வரி அட்டவணையைப் புத்தகத்தைத் திறக்காமல் சொன்ன மனிதரை இழந்திருக்கிறோம்! இருபத்து மூன்று வருடம் எனக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து, என் டிபன் டப்பாவை என்னைக் கேட்காமல் திறந்த ஒரே மனிதரை இழந்திருக்கிறோம்!

குடும்பத்தார் பலர் வந்திருக்கிறீர்கள். அண்ணன் செய்த வேலை என்னவென்று உங்களுக்கு முழுதாகத் தெரிந்திருக்காது. கப்பலில் வருகிற எந்தப் பொருளுக்கும் அரசாங்கத்தின் அட்டவணையில் ஓர் இடம் உண்டு. இரும்பு இரும்பில் போகும், அரிசி அரிசியில் போகும். எங்கள் நிறுவனத்துக்கு வருவதோ பஞ்சடைத்த கரடி, தொப்பி போட்ட முயல், மணி கட்டிய மான், ஆண்டிறுதி விடுமுறைக்கு ஜன்னலில் தொங்கவிடும் வெள்ளைப் பறவை. இதெல்லாம் என்ன? குழந்தை விளையாடும் பொம்மையா? கொண்டாட்டத்துக்கு மாட்டும் அலங்காரமா? இரண்டும் ஒரே அத்தியாயம்தான். மூன்றாம் தலைப்பு என்றால் பொம்மை. ஐந்தாம் தலைப்பு என்றால் அலங்காரம். பொம்மை என்றால் வரி கூடுதல், அதோடு பாதுகாப்புப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். அலங்காரம் என்றால் அந்தச் சான்றிதழை யாரும் கேட்க மாட்டார்கள். எங்கள் அலுவலகத்தில் காலை வணக்கத்துக்குப் பதில் "மூணா, அஞ்சா?" என்றுதான் கேட்டுக்கொள்வோம்.

ஒருமுறை மர வடிவத்தில் ஒரு பஞ்சு மெத்தை வந்தது. மேலெல்லாம் மினுமினுப்புப் பொடி. சுங்க அதிகாரி, "இது தலையணைய்யா, துணிச் சாமான்ல போடு" என்றார். அண்ணன் வாதாடவே இல்லை. "சார், இதுல ஒரு தடவை தலைய வச்சுப் பாருங்க" என்றார். அதிகாரியும் வைத்துப் பார்த்தார். அன்று முழுக்க அவர் கன்னம் மின்னிக்கொண்டே இருந்தது. சாயங்காலத்துக்குள் ஐந்து என்று கையெழுத்தாகிவிட்டது! அப்படிப்பட்ட மூளை!

அவர் ஒரு பரிசோதனை வைத்திருந்தார். எந்தச் சட்டப் புத்தகத்திலும் அது கிடையாது. சந்தேகமான சரக்கில் ஒரு மாதிரிப் பொருளை எடுத்து ஒரு குழந்தை முன்னால் வைக்க வேண்டும். குழந்தை எடுத்து விளையாடினால் மூன்று. பார்த்துவிட்டுப் போய்விட்டால் ஐந்து. அண்ணனுக்கும் அண்ணிக்கும் பிள்ளை இல்லை. என் மகளுக்கு அப்போது ஆறு வயது. ஆகவே எங்கள் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் என் வீட்டுக் கூடம்தான்! சனிக்கிழமை மாதிரிப் பொருள் வீட்டுக்கு வரும், திங்கட்கிழமை முடிவோடு அலுவலகம் போகும். என் மகளுக்கு அண்ணன் வைத்த பெயர் ஆய்வாளரம்மா. "ஆய்வாளரம்மா என்ன சொல்றாங்க?" என்றுதான் திங்கட்கிழமை தொடங்கும்.

முடிவைச் சீட்டில் எழுதிக் கோப்பில் வைக்க வேண்டும். மாதிரியைப் பார்த்தவரின் குறிப்பு என்று அதற்குப் பெயர். பார்த்தவன் நான். ஆனால் என் கையெழுத்தைப் படிக்க எனக்கே கண்ணாடி வேண்டும். அண்ணன்தான் வழி சொன்னார்: "நீ அடியில கையெழுத்துப் போட்டுக் குடுத்துடு. வாயால சொல்லு, நான் மேலே எழுதிக்கிறேன்." எவ்வளவு பெருந்தன்மை! மாதத்துக்கு ஒரு டஜன் வெற்றுச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதைப் பெருமையாக வெளியிலும் சொல்லிக்கொண்டேன். "வெறும் காகிதத்துல கையெழுத்துப் போடற அளவுக்கு எங்களுக்குள்ள நம்பிக்கை" என்று இதே சங்கக் கூட்டத்தில் பேசியிருக்கிறேன். நீங்களும் கைதட்டியிருக்கிறீர்கள். முட்டாள்தனத்துக்குக் கைதட்டு வாங்கியவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

தோழர்களே, இதுவரை சொன்னது நீங்கள் எதிர்பார்த்து வந்தது. இனிமேல் சொல்வதற்கு என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினோரு வருடத்துக்கு முன் ஓர் ஆந்தை வந்தது. பழுப்புத் துணி, உச்சந்தலையில் தொங்கவிடத் தங்க நிற வளையம், கழுத்தில் மணி, இரண்டு கறுப்பு மணிக் கண்கள். வளையத்தைப் பார்த்தால் ஐந்து. கட்டிப்பிடிக்கும் அளவைப் பார்த்தால் மூன்று. சனிக்கிழமை வீட்டுக்கு எடுத்துப் போனேன். என் மகள் அதைக் குளிப்பாட்டினாள், துவட்டினாள், மடியில் போட்டுத் தூங்கவைத்தாள். ஞாயிறு காலையில் வீடு திடீரென்று அமைதியாகிவிட்டது. என் மனைவி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். "இவ சத்தம் போடலன்னா எதையோ மெல்றான்னு அர்த்தம்!" வாய்க்குள் விரலை விட்டாள். ஆந்தையின் கண் வெளியே வந்தது. தொண்டைக்கு இறங்க ஒரு விரல் தூரம்தான் பாக்கி. ஆய்வுக்கூடத் தலைவரான நான் அப்போது செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை அண்ணனிடம் சொன்னேன். "அண்ணே, மூணு. நூத்துக்கு நூறு மூணு. கண்ணைப் பிடுங்கி வாயில போட்டுட்டா."

"பிள்ளை நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்கா. ஆந்தைக்குத்தான் ஒரு கண்ணு போச்சு."

அவர் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் ஒரு பை நிறையப் பழத்தோடு வீட்டுக்கு வந்தார். மகளை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். "பெரியப்பா, என் ஆந்தை எங்கே?" என்றாள். "அதுக்கு உடம்பு சரியில்லம்மா, ஆஸ்பத்திரில இருக்கு" என்றார். அவர் போனபிறகு என் மனைவியிடம் சொன்னேன்: "கூடப் பிறந்தவன்கூட இப்படி ஓடி வரமாட்டான்."

அண்ணன் மறைந்த நான்காம் நாள் அதே ஆந்தை திரும்ப வந்தது. அதே கம்பெனி, ஒரு கொள்கலன் நிறைய. "பழைய கோப்பு இருக்குமே, அதை வச்சு அஞ்சு போட்டுடு" என்றார் முதலாளி. ஐந்தா? மூன்று என்றல்லவா நான் சொன்னேன்! அண்ணனின் மேசை இழுப்பறையைத் திறந்தேன். கோப்பு இருந்தது. சீட்டு இருந்தது. அழகான கையெழுத்தில் அண்ணன் எழுதியிருந்ததை அப்படியே படிக்கிறேன்:

"மாதிரி ஆந்தை வீட்டில் தொங்கவிடப்பட்டது. குழந்தை அதைத் தொடவில்லை. விளையாட்டுத் தன்மை இல்லை. அலங்காரப் பொருள்."

அடியில் என் கையெழுத்து. தேதி அந்தத் திங்கட்கிழமை. காலையில் இதை எழுதிவிட்டுத்தான் சாயங்காலம் பழத்தோடு வந்திருக்கிறார்! இதே சீட்டைக் காட்டி அதன்பிறகு எனக்குத் தெரியாமலே மூன்று தடவை ஆந்தை இறங்கியிருக்கிறது. ஆயிரக்கணக்கில். பரிசோதனை இல்லாமல். எந்த வீட்டில் எந்தக் குழந்தை எந்தக் கண்ணைப் பிடுங்கியது? எனக்குத் தெரியாது. யாருக்காவது தெரியுமா?

ஏன் செய்தார்? பணத்துக்கா? சத்தியமாக இல்லை. கோப்பில் சீட்டுக்கு அடியில் இருந்த சுங்க விண்ணப்பத்தின் தேதியைப் பார்த்ததும் புரிந்தது. மாதிரி என் வீட்டுக்கு வருவதற்கு முன்பே, வெள்ளிக்கிழமையே, அதிகாரியிடம் ஐந்து என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஒருமுறை சொன்ன தலைப்பை அண்ணன் மாற்றியதே இல்லை என்று நாம்தானே சொல்லிச் சொல்லி வளர்த்தோம்! அதற்காக இதே மண்டபத்தில் சால்வை போர்த்தினோமே! போர்த்தியவன் யார்? நான்தான்!

இன்னொன்றும் அந்த இழுப்பறையில் இருந்தது. ஒரு பிளாஸ்டிக் உறையில் அந்த ஒற்றைக்கண் ஆந்தை. பக்கத்தில் காகிதத்தில் மடித்து அந்தக் கண். எறிந்திருந்தால், மனிதர் மறந்துவிட்டார் என்று நானும் விட்டிருப்பேன். எறியவில்லையே! பதினோரு வருடம் அதை முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எதிரே உட்கார்ந்து என் டப்பாவில் கைவிட்டுச் சாப்பிட்டாரே! என் மகள் ஒவ்வொரு வகுப்பாக ஏறியபோதும் "ஆய்வாளரம்மா பாஸா?" என்று கேட்டாரே! அப்போதெல்லாம் அந்த இழுப்பறை அவருக்குத் தெரிந்துதானே இருந்தது?

அண்ணே, என்னிடம் கேட்டிருக்கக் கூடாதா? "தப்பா எழுதிட்டேன்டா, காப்பாத்து" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கேட்டிருந்தால் நானே அந்தப் பொய்யை எழுதியிருப்பேனோ என்னவோ. எழுதியிருப்பேன் என்றுதான் பயமாக இருக்கிறது. ஆனால் அது தெரிந்து செய்த பொய்யாக இருந்திருக்கும். என் பிள்ளையின் வாயிலிருந்து எடுத்ததை, என் பெயராலேயே இல்லை என்று சொல்லவைத்துவிட்டீர்களே! என்னை நீங்கள் ஏமாற்றக்கூட மெனக்கெடவில்லை. வெற்றுச் சீட்டை நானே கொண்டுவந்து கொடுத்தேன்.

இறந்தவரைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று சிலர் முகம் கேட்கிறது. அண்ணியிடம் நேற்றே போய்ச் சொல்லிவிட்டேன். "மேடையில சொல்லித்தான் ஆகணுமா, தம்பி?" என்று கேட்டார்கள். கொள்கலன் துறைமுகத்தில் நிற்கிறது, சங்கத்தில் பலரும் அந்தக் கோப்பைத்தான் முன்மாதிரியாகக் காட்டியிருக்கிறார்கள் என்று இப்போதுதான் எனக்குத் தெரிந்தது என்றேன். "அந்தக் கண்ணு எவ்வளவு பெருசு?" என்றார்கள். காகிதத்தைப் பிரித்துக் காட்டினேன். உள்ளங்கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். "சொல்லிடுங்க" என்றார்கள். இதோ, முன்வரிசையில் எனக்கு நேராகத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த மண்டபத்தில் தலைகுனியாத ஒருவர் உண்டென்றால் அவர்தான்.

மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று இந்த மேடையில் உறுதி எடுப்பது வழக்கம். நானும் எடுக்கிறேன். பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து, அது எதுவோ அதையே எழுதுவதுதான் எங்கள் பணி. அண்ணன் அதை ஆயிரம் தடவை சரியாகச் செய்தார். ஒரு தடவை செய்யவில்லை. அந்த ஒன்றை நான் முடிக்கிறேன். நாளைக் காலை பத்து மணிக்குச் சுங்க அலுவலகம் திறக்கும்போது வாசலில் நிற்பேன். இந்தச் சீட்டு பொய், இது பொம்மை, இதன் கண் கழன்று வரும் என்று எழுதிக் கொடுப்பேன். பழைய மூன்று சரக்கையும் சேர்த்தே எழுதுவேன். முதலில் மாட்டப்போவது நான்தான், கையெழுத்து என்னுடையது. என்னோடு வரவேண்டும் என்று யாரையும் கேட்கவில்லை. அந்தக் கோப்பைக் காட்டிச் சரக்கு எடுத்தவர்கள் அவரவர் கோப்பை இன்றே ஒருமுறை திறந்து பாருங்கள், அது போதும்.

முதலாளி அவர்களே, என்னை வேலையை விட்டு நிறுத்துவதானால் தாராளமாக இன்றே நிறுத்துங்கள். நாளைக்கு நான் உங்கள் எழுத்தனாகப் போகவில்லை. அந்தப் பிள்ளையின் அப்பனாகப் போகிறேன்.

அட்டவணை அண்ணனுக்கு என் அஞ்சலி. அழ வேண்டும் என்றுதான் வந்தேன். அழுகை நாளைக்கு வேலை முடிந்த பிறகு வரும் என்று நினைக்கிறேன்.