சாவு வீட்டில் சொன்ன ‘வரேன்’

கிள்ளானில் கொமுட்டர் ரயில் கிளம்பியதும் எதிர் இருக்கை அக்கா சொன்னதைக் கேட்டு, காதில் ஓடிய பாட்டை நிறுத்திவிட்டேன்.

"சாவு வீட்டுல போய் ‘வரேன்’னு சொல்லிட்டேன்ணே."

அவரும் பக்கத்தில் இருந்த அண்ணனும் அடுக்குமாடி அமைதிக் குழுவின் பச்சைச் சட்டையில் இருந்தார்கள்.

"என்னம்மா நீ? சொல்லாம கொள்ளாமதானே எந்திரிச்சு வரணும்?"

"பழக்கம்ணே. அடிச்சுக்குற ரெண்டு புளோக்கு பசங்களையும் உக்கார வச்சுப் பேசணும்னு வீடு வீடா ஏறி இறங்குறோம். எல்லார்கிட்டயும் ‘வரேன்’னுதானே சொல்றோம்."

"மகன கத்திக்குத்துல பறிகொடுத்தவங்கம்மா அவங்க. ஏசியிருப்பாங்களே."

"ஏசியிருந்தா பரவால்லலா." அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கிரில் கதவு வரைக்கும் வந்து கையப் புடிச்சுக்கிட்டாங்க. ‘கண்டிப்பா வாங்க. சின்னவன் சாப்புடல, தூங்கல, எதிர் புளோக்கையே பாத்துக்கிட்டு நிக்கிறான். எனக்கு இருக்குறது அவன் ஒருத்தன்தான்’னு சொன்னாங்க."

"எப்ப வரேன்னு சொன்ன?"

"நாளைக்கு."

அண்ணன் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"பிரிக்ஃபீல்ட்ஸ் மீட்டிங்ல நம்மள என்ன பேசச் சொன்னாங்க?"

"நிரந்தர அமைதி பத்தி."

"அத அவங்களே பேசிக்கட்டும். இன்னிக்கே போவோம், எந்திரிம்மா."

ஷா ஆலாமில் இறங்கி, கிள்ளானுக்குத் திரும்பும் பிளாட்பாரத்துக்குப் படியேறினார்கள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓடினார்.