ஒரு வருஷமும் ஒரு நாளும்

இல்ல சார், பிண்டருன்னா பிரபு பரம்பரையெல்லாம் கெடையாது. குடும்பப் பேருங்களப் பத்தி எழுதற ஒங்க புஸ்தகத்துல அப்படி எழுதித் தொலைச்சிராதீங்க, இந்தத் தோர்ன்பி ஊரே வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கும். பேக்கருன்னா ரொட்டி சுட்டான், கூப்பருன்னா பீப்பா செஞ்சான். பிண்டருன்னா பட்டி காத்தான். வழி தப்பி வந்த மாட்டப் புடிச்சு அடைக்கிற வேல. அவ்வளவுதான் எங்க வண்டவாளம். உக்காருங்க, நாய் கடிக்காது. தொப்பிய அந்த ஆணியில மாட்டுங்க.

நல்ல நேரத்துல வந்தீங்க. வர்ற சனிக்கிழமை எம் பொண்ணு வின்னிக்குக் கல்யாணம். அன்னியோட அவ புருஷன் பேர வச்சுக்கிட்டு ஹார்கிரீவ்ஸ் ஆயிடுவா, ஊருல மிச்சம் இருக்கிற ஒரே பிண்டர் நாந்தான். எங் கையப் புடிச்சுக்கிட்டு சர்ச்சுக்குள்ள அவ நடந்து வரணும். வேற ஒரு ஆசையும் இல்ல எனக்கு. நொண்டாம நடக்கணுமேன்னு ஒரு மாசமா முட்டிக்குத் தைலம் தேய்க்கிறேன், குதிரைக்குத் தேய்க்கிற தைலம். நல்லாத்தான் கேக்குது.

ஆமா, வரும்போது பாத்திருப்பீங்க, ஆத்தோரம் வட்டமாக் கல்லுச் செவுரு. அதான் பட்டி. அடைச்சா மட்டும் போதாது சார். தண்ணி காட்டணும், வைக்கோல் போடணும், பசுவா இருந்தாப் பாலும் கறந்துவிடணும். அப்புறம் ரெண்டு ஊரு சந்தையில கூவிச் சொல்லணும், இந்த மாதிரி ஒண்ணு வந்திருக்கு, யாருதுன்னு. வர்றவன் செவுத்துக்கு வெளியவே நின்னு அங்க அடையாளம் சொல்லணும். எட்டிப் பாத்துட்டுச் சொல்லக் கூடாது. சரியாச் சொன்னா பிண்டர் கதவத் தொறந்தே ஆகணும், அவனுக்குப் புடிச்சாலும் புடிக்காட்டாலும். ஒரு வருஷமும் ஒரு நாளும் கெடு. அதுக்குள்ள யாரும் வரலைன்னா அப்புறம் மாட்டுக்காரனுக்கு உரிம கெடையாது.

எங்க பாட்டனுக்குப் பாட்டன் ஒருத்தர், ஜோனஸ் பிண்டர். அவரு பன்னியே பாதிரியார் தோட்டத்துல பூந்து முட்டக்கோஸ அம்புட்டையும் தின்னுருச்சு. மனுஷன் அதப் புடிச்சு அடைச்சாரு. அப்புறம் வெளிய வந்து நின்னு, எம் பன்னிக்கு இடது காதுல கிழிசல் இருக்கும்னு செவுத்தப் பாத்துச் சொன்னாரு. உள்ள போயி காதப் பாத்துட்டு வந்து, சரிதான்னு அவருக்கே சொல்லித் தொறந்துவிட்டாரு. சிரிக்காதீங்க. எங்க குடும்பமே அப்படித்தான்.

வின்னியும் அப்படி வழி தப்பி வந்தவதான் சார். இந்த மாடி ரூமுல வாடகைக்கு இருந்தான் ஒருத்தன், பொண்டாட்டி செத்துப் போனவன். அஞ்சு மாசக் கொழந்தைய எம் பொண்டாட்டி மார்த்தா கையில குடுத்து, வியாழக்கிழமை வந்துடறேன்னுட்டுப் போனான். எந்த வியாழன்னு சொல்லல. மார்த்தா சாகுற வரைக்கும் வியாழன்னா அவனுக்குன்னு ஒரு தட்டு கூடுதலா வைப்பா, பைத்தியக்காரி. நான் முறைப்படி ரெண்டு ஊரு பேப்பர்லயும் போட்டேன். ஒரு வருஷம் ஆச்சு, மறுநாள் கோர்ட்டுக்குப் போயி, கெடு முடிஞ்சுது, கொழந்தைக்கு எம் பேரக் குடுக்குறேன்னேன். யோவ், அது மாட்டுக்கு உள்ள சட்டம்யான்னாரு ஜட்ஜு. கொழந்தைக்கு என்ன சட்டம்னு கேட்டேன். கொஞ்ச நேரம் புஸ்தகத்தப் புரட்டினாரு. அப்புறம் கையெழுத்துப் போட்டுட்டாரு.

அவளுக்குத் தெரியும். பத்து வயசுலயே சொல்லிட்டோம்.

டீ ஆறிப் போச்சே, குடிக்கலையா? ஒண்ணும் எழுதவும் இல்ல. ஒரு மணி நேரமாப் பேசறேன், பேனா மூடியே தொறக்கல. செவுத்துல இருக்கிற வின்னி போட்டோவத்தான் பாத்துக்கிட்டிருக்க. இருபத்திமூணு வருஷத்துல முடி கொட்டிப் போனா அடையாளம் தெரியாதுன்னு நெனச்சியாக்கும். வாசல்ல கால வச்சப்பவே தெரியும்பா. அந்த ஆணி எங்க இருக்குன்னு பாக்காமயே, மாடியில குடியிருந்தப்ப மாட்டுன மாதிரியே தொப்பிய மாட்டினியே.

உக்காரு, உக்காரு. கத்த மாட்டேன். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? கொழந்தைக்கு என்ன அங்க அடையாளம், சொல்லு. போட்டோவப் பாக்காத, என்னப் பாத்துச் சொல்லு.

...வலது குதிகால்ல மச்சம், அவரைக் கொட்ட மாதிரிங்கிற.

சரிதான். தப்பாச் சொல்லுவ, வெளிய போடான்னு சொல்லிறலாம்னு வேண்டிக்கிட்டுக் கெடந்தேன். சரியாச் சொல்லிட்ட.

கெடு தாண்டிப் போச்சு, கூட்டிட்டுப் போக முடியாது. சனிக்கிழமை கையப் புடிச்சு நடக்கறவன் நாந்தான், அதுல பேச்சே இல்ல. ஆனா அடையாளம் சொன்னவனுக்குக் கதவத் தொறக்கணும். வின்னி அடுக்களையில கல்யாண கேக்குக்குச் சீனி பூசிட்டிருக்கா. கதவத் தட்டிட்டு உள்ள போ. இருன்னு சொல்றதும் போன்னு சொல்றதும் அவ இஷ்டம்.

நான் வரல. முட்டி வலிக்குது.