மாதவராஜ் அண்ணன் கழற்றிய படம்

தலைமையேற்றிருக்கும் மூத்த ஓவியர் கிருஷ்ணப்பன் ஐயா அவர்களே, என் சக ஓவிய நண்பர்களே, பாலக்கோட்டிலிருந்தும் பாப்பாரப்பட்டியிலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் உறவுகளே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாதம்மாள் அண்ணி அவர்களே! வணக்கம் சொல்லக் கை எழவில்லை. மறைந்த ஓவியர் மாதவராஜ் அவர்களின் படத்துக்கு மாலை போட்ட கையோடு வந்து நிற்கிறேன்.

எப்பேர்ப்பட்ட ஓவியர்! விலை விழுந்து சாலையோரம் கொட்டிய தக்காளியை அவர் வரைந்தார். கேன்வாஸ் முழுக்கச் சிவப்பு, நடுவே டிராக்டர் சக்கரத்தின் தடம், அவ்வளவுதான். அதைப் பார்த்த விவசாயி ஒருவர், "இது எங்க காடுங்க" என்றார். ஓர் ஓவியனுக்கு இதைவிட என்ன பாராட்டு வேண்டும்?

மூன்றாண்டுகளுக்கு முன் நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து தருமபுரியில் ஒரு மண்டபத்தில் ஓவியக் கண்காட்சி வைத்தோம். எனக்குப் புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்திருந்த நேரம். ஒரு மார்பு எடுக்கப்பட்ட என் உடம்பைத் தழும்போடு அப்படியே வரைந்திருந்தேன். திறப்பு விழா அன்று காலை மண்டப நிர்வாகி வந்தார். "குடும்பத்தோட வர்ற எடமுங்க இது. இத எறக்கிடுங்க" என்றார்.

நான் அழுதுகொண்டே படத்தைக் கழற்றப் போனேன். மாதவராஜ் அண்ணன் என் கையைப் பிடித்தார். "உன்னுது எறங்குனா எல்லார்துந்தான் எறங்கும், நிர்மலா" என்றார். சொன்னவர் முதலில் தன் படத்தைக் கழற்றினார்! மற்ற மூவரும் கழற்றினார்கள். எல்லாவற்றையும் மினி லாரியில் ஏற்றி, பாலக்கோடு தக்காளி மண்டிக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த கொட்டகையில் அன்று மதியமே மாட்டினோம்.

அங்கே யார் வந்தார்கள்? தக்காளி விற்றுவிட்டுப் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் வந்தார்கள். என் படத்தின் முன்னால் ஒரு பெண்மணி அசையாமல் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "எனக்கும் ஒரு கட்டி இருக்குதுங்க. வூட்டுல யாருக்கும் சொல்லல" என்றார். அண்ணன் கண்காட்சியை நண்பர்களிடம் விட்டுவிட்டு, எங்கள் இருவரையும் ஆட்டோவில் ஏற்றி அப்போதே மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். சிகிச்சை முடியும்வரை அந்தக் குடும்பத்துக்குத் துணை நின்றார். அந்தக் கோவிந்தம்மாள் அக்கா இதோ, இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கிறார். உயிரோடு உட்கார்ந்திருக்கிறார்!

அவரைக் காப்பாற்றிய மனிதரை நம்மால் காப்பாற்ற முடியவில்லையே! போன செவ்வாய்க்கிழமை, இந்த ஆண்டுக் கண்காட்சிக்காக ஏணியில் நின்று படம் மாட்டிக்கொண்டிருந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார். தண்ணீர் வருவதற்குள் சாய்ந்துவிட்டார். ஐம்பத்தாறு, இது போகிற வயதா?

கண்காட்சியை நிறுத்திவிடலாம் என்று நேற்று அண்ணியிடம் சொல்லப் போனோம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எதுக்கு நிறுத்தறீங்க? தொறங்க. மாடு, காடுன்னே இருந்துட்டேன். அவரு படத்த ஒரு கண்காட்சியிலயும் நான் நின்னு பாத்ததில்ல" என்றார்.

நண்பர்களே! அண்ணன் பெயரால் வாக்குக் கொடுக்கிறோம். எங்களில் யாருடைய படத்தை யார் இறக்கச் சொன்னாலும், வரைந்தவர் பக்கம் நாங்கள் எல்லோரும் நிற்போம். ஆண்டுதோறும் கண்காட்சி நடக்கும். சந்தைக்கு வருகிற சனங்கள் பார்க்கிற இடத்தில் நடக்கும்.

வரும் ஞாயிறு காலை பாலக்கோட்டில் திறப்பு. ரிப்பன் வெட்ட யாரையும் அழைக்கவில்லை. முதலில் மாதம்மாள் அண்ணி மட்டும் உள்ளே போவார். அவர் பார்த்து முடிக்கும்வரை நாங்கள் வெளியே காத்திருப்போம். நீங்களும் வந்து எங்களோடு நில்லுங்கள்.