ஹாங்காங்கில் டாக்டர் சொன்னது

பிப்ரவரி மாதம் ஹாங்காங் போகிறவர்கள் கம்பளிச் சட்டை ஒன்று எடுத்துக்கொள்வது நல்லது, சார். நாங்கள் மூன்று பேரும் சிங்கப்பூர் வெயிலுக்குப் போடுகிற மெல்லிய சட்டையோடு போய் இறங்கி, துறைமுகத்திலேயே நடுங்கினோம். நீங்கள் எப்போதாவது போவதாக இருந்தால் இதை மறந்துவிடாதீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். இது 1961இல் நடந்தது. தங்கராஜுவும் நானும் ஆற்றோரத்தில் ஒரு சீன முதலாளியின் ரப்பர் கிடங்கில் வேலை பார்த்தோம். காதர் மைதீனுக்கு அப்போதும் சிராங்கூன் ரோட்டில் அதே துணிக்கடைதான். சீனப் புத்தாண்டுக்கு ஒரு வாரம் முன்பே முதலாளி கிடங்கைப் பூட்டிவிடுவார், இரண்டு வாரத்துக்குத் திறக்கமாட்டார். அந்த லீவில் ஹாங்காங் பார்த்துவிட்டு வரலாம் என்று யோசனை சொன்னவன் நான்தான்.

ஏனென்றால் எனக்குக் கான்டனீஸ் தெரியும். என் அப்பா கிரேத்தா ஆயர் பக்கம் சீனர் வீடுகளுக்குப் பால் ஊற்றியவர். அந்தப் பிள்ளைகளோடு கோலி ஆடி வளர்ந்தவன் நான். கிடங்கில் தங்கராஜு எனக்கு வைத்த பெயரே 'சீனா'. பரமசிவம் என்று என் பெயர் அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

கப்பல் போய்ச் சேர்ந்தது புத்தாண்டு அன்று. ஊரே அடைத்துக் கிடந்தது. சிங்கப்பூரில் சீனர்கள் கடை அடைப்பார்கள் என்பதை வைத்துப் பயணம் போட்ட நாங்கள், சீனர்களின் ஊரிலும் அன்றைக்குக் கடை அடைப்பார்கள் என்று யோசிக்கவே இல்லை. தங்கராஜு நடுத்தெருவில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "சீனனுக்கே சீனப் பெருநாள் தெரியலயே. உன்னை நம்பி வந்தோம் பாரு, எங்களைச் சொல்லணும்லா," என்றான். காதர் மைதீனும் சிரித்தான். நானும் சிரித்தேன். அந்த வேளையில் அதுதான் மரியாதை.

ஆனாலும் அன்று பகல் எனக்கு நல்ல பகல். அறை பிடித்தது நான், வழி கேட்டது நான், திறந்திருந்த ஒரே கடையில் முட்டையும் ரொட்டியும் வாங்கிக் கொடுத்தது நான். என் வாய் திறக்காமல் அவர்கள் ஒரு கோப்பைத் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. ஊரில் ஒருநாளும் தங்கராஜு என்னைப் பார்த்து, "அடுத்து என்னப்பா?" என்று கேட்டதில்லை. அங்கே கேட்டான்.

சாயங்காலம் கடற்கரையில் அப்துல் அலீம் என்று ஒரு தமிழ் முஸ்லிம் வியாபாரி எதிர்ப்பட்டார். காயல்பட்டினத்துக்காரர், ஹாங்காங்கில் வருஷக்கணக்காக இருப்பவர். தங்கராஜு அவரைக் கட்டிப்பிடிக்காத குறை. மறுநாள் தானே வந்து மூன்று பேரையும் மலையுச்சிக்குக் கூட்டிப்போவதாக அவர் சொன்னார். திரும்பி நடக்கும்போது தங்கராஜு என் தோளில் கை போட்டு, "இனிமே நீ ரெஸ்ட் எடு சீனா. உன் வேலை முடிஞ்சுது," என்றான். அவன் அன்பாகத்தான் சொன்னான். எனக்கு அது தெரியும்.

மறுநாள் விடிகாலையில் அவனுக்கு வயிற்றுவலி கண்டது. காலை ஏழு மணிக்குள் இரண்டு முறை வாந்தி. விடுதிக்காரி மாடியில் இருந்த ஒரு டாக்டரை எழுப்பிக் கூட்டிவந்தாள். கான்டனிலிருந்து தப்பி வந்தவர், இங்கிலீஷ் ஒரு வார்த்தை வராது. அவர் தங்கராஜுவின் வயிற்றில் வலது பக்கம் மெல்ல அழுத்திவிட்டுக் கையை எடுத்தார். எடுத்தபோதுதான் அவன் கத்தினான். டாக்டர் என் பக்கம் திரும்பி வேகமாகப் பேசினார். குடல்வால் வீங்கியிருக்கிறது, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், இன்றைக்கே அறுக்க வேண்டும், சாப்பிட எதுவும் கொடுக்காதீர்கள், பேதிக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள், கொடுத்தால் உள்ளே உடைந்து ஆள் செத்துப்போவான். எல்லாம் எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

பேசி முடித்தார். அறையில் எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர், காதர் மைதீன், கட்டிலில் கிடந்த தங்கராஜு.

"வாயுதான். வயிறு சுத்தமானா சரியாயிடுமாம். விளக்கெண்ணெய் கொடுக்கச் சொல்றாரு," என்றேன்.

காதர் மைதீன் எங்கே போனாலும் பெட்டியில் ஒரு சின்னப் புட்டி விளக்கெண்ணெய் வைத்திருப்பான். அவனுக்குச் சந்தேகம் வராமல் இல்லை. "கையால வெட்டுற மாதிரி காமிச்சாரே, அது என்னது?" என்றான். சாப்பாட்டை நிறுத்தச் சொல்கிறார் என்றேன். அவன் புட்டியை எடுத்ததும் டாக்டர் அவன் கையைப் பிடித்து இழுத்துக் கத்தினார். "ஏன் கோபப்படுறாரு?" என்று கேட்டான். செருப்போடு உள்ளே வந்துவிட்டோமாம் என்றேன். பாவம், காதர் மைதீன் செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, கைகூப்பி மன்னிப்புக் கேட்டான். நான் டாக்டரிடம், வண்டிக்குச் சொல்லியாயிற்று, இப்போதே கிளம்புகிறோம் என்று சொல்லி அவரை மாடிக்கு அனுப்பிவைத்தேன். எண்ணெயை ஊற்றியது காதர் மைதீன்தான். நான் தொடவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அலீம் பாயிடம் ஒரு வார்த்தை சொல்லலாமா என்று காதர் மைதீன் கேட்டான். டாக்டரே பார்த்தாயிற்று, பெருநாளும் அதுவுமாக அவரை ஏன் அலைக்கழிக்க வேண்டும் என்றேன். அவர் வந்து அழைத்தபோது வாசலிலேயே நின்று, இன்று வசதிப்படாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பிறகு தங்கராஜுவைத் தூங்கச் சொல்லிவிட்டு நாங்கள் இரண்டு பேர் மட்டும் மலையுச்சிக்குப் போனோம். காதர் மைதீனுக்கு வர மனமில்லை, நான்தான் வற்புறுத்தினேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டு அதைப் பார்க்காமல் போவது அநியாயம், சார். மேலே நின்றால் கப்பல்களெல்லாம் தீப்பெட்டி அளவுக்குத் தெரிகின்றன. எது எந்தத் தீவு என்று கேட்டுக் கேட்டு அவனுக்குச் சொன்னேன்.

திரும்பி வந்தபோது தங்கராஜு தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வலி சட்டென்று விட்டுவிட்டதாம். உடைந்தால் அப்படித்தான் கொஞ்ச நேரம் விடும் என்று பிறகு கேள்விப்பட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லாட்டி இந்த ஊர்ல நான் நாதியத்துப் போயிருப்பேன் பரமசிவம்," என்றான். பரமசிவம் என்றான், சார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அன்று இரவு அவனுக்குக் காய்ச்சல் ஏறியது. மறுநாள் மத்தியானம் போய்விட்டான்.

எரிக்க இடம் கேட்டதும், ஆட்களிடம் பேசியதும் நான்தான். ஊர் வந்ததும் அவன் மனைவி மங்களத்திடம் விஷயத்தைச் சொன்னவனும் நான்தான். அப்போது அவள் வயிற்றில் பிள்ளை. டாக்டர் என்ன சொன்னார் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். தங்கராஜு வலி தெரியாமல் போவான் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னேன். அது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. இன்றைக்கும் தீபாவளிக்கு மகனிடம் எனக்குப் பலகாரம் கொடுத்தனுப்புகிறாள். பையனுக்கு அப்பன் ஜாடை.

அந்த டாக்டரின் மகள் இங்கே சிங்கப்பூரில், புக்கிட் மேராவில் குடியிருக்கிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவளைப் பார்க்க வந்தவர், துணி வாங்க காதர் மைதீன் கடைக்கே வருவார் என்று யார் கண்டது? அவனுக்குப் பூனைக்கண். ஆறு வருஷம் ஆனாலும் யாருக்கும் மறக்காது. "அந்தப் பையனை ஏன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை?" என்று அவர் கேட்க, மகள் அதை மலாயில் மாற்றிச் சொல்ல, காதர் மைதீன் கடையைத் திறந்துபோட்டபடியே ஸ்டேஷனுக்கு உங்களிடம் ஓடி வந்திருக்கிறான். விளக்கெண்ணெய் ஊற்றிய கையை அவன் சுவரில் அடித்துக்கொண்டு அழுததாகச் சொன்னீர்கள். அவன் எப்போதும் கொஞ்சம் உணர்ச்சிவசப்படுகிறவன்.

ஏன் செய்தேன் என்று கேட்கிறீர்கள். பகை ஒன்றும் கிடையாது. அவன் என்னைக் கேலி செய்ததற்காகச் செய்தேன் என்று எழுதினால் அது தப்பு. அந்த மூன்று நாளும் அவர்களுக்கு நான் தேவையாக இருந்தேன், அவ்வளவுதான். எனக்கென்று நான் எதுவும் கேட்டதில்லை. அடுத்தவருக்கு உதவுவதே என் சுபாவம்.

டாக்டரைப் பக்கத்து அறையில் உட்காரவைத்திருப்பதாகச் சொன்னீர்கள். அவருடைய மகளுக்கு அரைகுறை மலாய்தான் வரும், நீங்கள் சிரமப்படுவீர்கள். அவரை உள்ளே கூப்பிடுங்கள், சார். அவர் சொல்வதை நான் உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன்.