கியர் அக்காவின் அறிக்கையில் இல்லாத பெயர்

கியர் அக்காவின் இந்த நினைவேந்தல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் வெள்ள மீட்புக் குழுத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கியர் அக்காவின் கணவர் அவர்களே, அவருடைய பட்டறையை இன்று நடத்திவரும் தங்கை அவர்களே, வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் தோழர்களே! உங்கள் எல்லோருக்கும் இந்த டயர் கடைக்காரனின் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அவருடைய கைத்திறனைச் சொன்னார்கள். உண்மைதான். ஓடும் வண்டியின் சத்தத்தைக் கேட்டே எந்தக் கியரின் பல் தேய்ந்திருக்கிறது என்று சொன்னவர் அவர். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. அதை நான் சொல்லாவிட்டால் யார் சொல்வது?

ஆறு ஆண்டுகளுக்கு முன் நம் குழுவின் பிக்கப் வண்டிக்கு நான்கு பெரிய டயர்களை அன்பளிப்பாகத் தந்தேன். பழையதைவிட நான்கு அங்குலம் உயரம். பேனரில் என் கடைப் பெயர், மேடையில் எனக்கு மாலை! வண்டிப் பொறுப்பாளரான அக்கா மட்டும் கைதட்டவில்லை. ஊருக்கு அக்கா என்றாலும் எனக்கு அவர் தங்கச்சி; மறுநாள் என்னைப் பட்டறைக்கு அழைத்தார்.

"அண்ணே, இந்தப் படியை ரெண்டு ரெண்டா ஏறுங்க பாப்போம்."

ஏறினேன். பிறகு ஒரு பழைய கியர் பெட்டியை என் கையில் கொடுத்தார்.

"இப்ப இதத் தூக்கிக்கிட்டு அதே மாதிரி ஏறுங்க."

எட்டாவது படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன்.

"இதான் அந்த வண்டியோட கதி. சக்கரம் பெருசானா ஒரு சுத்துக்கு அதிக தூரம் போகுது. அப்ப இழுவை குறைஞ்சு முதல் கியர் முதல் கியராவே இருக்காது. வெறும் வண்டியில தெரியாது. படகக் கட்டி மேட்டுல ஏத்தும்போதுதான் தெரியும். முன்னாலயும் பின்னாலயும் அச்சுக்குள்ள சக்கரத்தச் சுத்த வைக்கிற பல்சக்கர ஜோடி, அந்தக் கிரவுன் பினியனை மாத்தணும். இல்லன்னா பழைய டயரையே போட்டுடலாம்."

"மாலையெல்லாம் போட்டாச்சு தங்கச்சி, இப்பப் போய்க் கழட்டச் சொல்றியே, ஊரு சிரிக்காதா?" என்றேன். செயலாளரிடம் பேசி டயரைக் கழற்றவிடாமல் செய்தேன். மூன்று மாதம் வண்டி சமதளத்தில் ஜம்மென்று ஓடியது. பார்த்தாயா என்று அவரைக் கேலிகூடச் செய்தேன்!

பிறகு வெள்ளம் வந்தது. காகித ஆலை விடுதியின் மொட்டைமாடியில் பதினாறு பேர். படகைக் கட்டிக்கொண்டு நம் வண்டி கரைமேட்டில் ஏறியது. பாதி மேட்டில் இன்ஜின் திணறியது. ஓட்டுநர் கிளட்சை அரைகுறையாக மிதித்து மிதித்து இழுத்தார். கருகிய நாற்றம், புகை. கிளட்ச் போய்விட்டது. ஓட்டுநர் பிரேக்கின் மேல் ஏறி நிற்காத குறை. அப்படியும் ஈரச் சரிவில் படகோடு சேர்ந்து வண்டி பின்னால் சறுக்கத் தொடங்கியது! பின்னால் கயிறு பிடித்தபடி நின்றிருந்தது நம் ஆட்கள் ஏழு பேர்.

யார் ஓடினார்? கியர் அக்கா ஓடினார். ஒரு மரக்கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் செருகினார். வண்டி நின்றது. அவருடைய இடது கையின் இரண்டு விரல்கள் கட்டைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருந்தன.

கையில் துணியைச் சுற்றிக்கொண்டார். பின்னால் உணவு மூட்டைகளோடு வந்த அவருடைய சொந்தப் பிக்கப்பைக் காலி செய்யச் சொன்னார். சாதாரண டயர் போட்ட பழைய வண்டி அது. படகை அதில் மாட்டினார்கள். முனகிக்கொண்டே ஏறியது, ஆனால் ஏறியது! ஐம்பது நிமிடம் தாமதம். அதற்குள் தண்ணீர் மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவர் வரை வந்துவிட்டது. பதினாறு பேரும் பிழைத்தார்கள். அந்த இரண்டு விரல்கள் மட்டும் பிறகு மடங்கவே இல்லை. ஸ்பேனர் பிடிக்கும் தொழில்காரருக்கு அது எப்படிப்பட்ட இழப்பு என்று நான் சொல்ல வேண்டுமா?

அடுத்த வாரம் அவர் அறிக்கை எழுதினார். "பெரிய டயருக்கு ஏற்றபடி கிரவுன் பினியனை மாற்றாமல் வண்டியை அனுப்பியது பொறுப்பாளரான என் தவறு." அவ்வளவுதான். என் பெயர் இல்லை. மாடிப்படி இல்லை. எச்சரித்ததைப் பற்றி ஒரு வரி இல்லை. கூட்டம் போட்டு அவரைப் பொறுப்பிலிருந்து நீக்கினோம். வாக்கெடுப்பில் முதலில் உயர்ந்த கை எது? இந்தக் கைதான்.

வெட்கம் தாங்காமல் ஒரு நாள் கேட்டேன். "ஏன் தங்கச்சி என் பேரச் சொல்லல?"

"டயரக் கொடுத்தது நீங்க. சாவியக் கொடுத்தது நான், அதுவும் தெரிஞ்சே கொடுத்தேன். என் பங்க நான் எழுதிட்டேன். உங்க பங்க நான் எதுக்கு எழுதணும்? அது உங்க வேலை."

கோபமே இல்லை அந்தக் குரலில். அதன்பிறகும் என் கடைக்கு வருவார், டீ குடிப்பார், அண்ணே என்றுதான் கூப்பிடுவார். ஒருமுறைகூட நினைவூட்டவில்லை. நுரையீரல் நோயோடு மருத்துவமனையில் கிடந்தபோது இரண்டு முறை போய்ப் பார்த்தேன். இரண்டு முறையும் பழத்தை மட்டும் வைத்துவிட்டு வந்தேன்.

முன்வரிசையில் இருக்கும் மாப்பிள்ளை, அக்காவின் கணவரான உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அவரை நீக்கிய தீர்மானத்தை இந்தக் குழு ரத்து செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கிளட்சை மட்டும் மாற்றி இன்னும் அதே பெரிய டயரோடு ஓடும் அந்த வண்டி நாளை அவருடைய தங்கையின் பட்டறைக்குப் போகிறது. இரண்டு அச்சிலும் வேலை முடிந்த பிறகே இனி படகு இழுக்கும். என் கடைக்குப் பெரிய டயர் கேட்டு வருகிறவர் எவரானாலும், "பின்னால் என்ன இழுப்பீர்கள்?" என்று கேட்காமல் டயரை உருட்ட மாட்டேன். அவருடைய பணியைத் தொடர்வதற்கு எனக்குத் தெரிந்த வழி இது.

தலைவர் அவர்களே, கூட்டக் குறிப்பேட்டை இங்கே கொண்டுவரச் சொல்லுங்கள். நான் சொன்னதை என் கையாலேயே எழுதி, இத்தனை பேர் முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்குகிறேன்.