செல்வநாதன் என்று தேடியதில்

உங்கள் கேன்டீன் காபி பிரமாதம், சார். விசாரணை அறைக்குள் வந்து உட்கார்ந்தவனிடம்கூட சர்க்கரை போதுமா என்று கேட்கிறார்கள்.

நான் செல்வநாதன். இதே ஒரகடம் ஆலையின் கணினிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். என் செருப்புச் சத்தம் கேட்டால் சுங்குவார்சத்திரம் வரை கணினிகள் எழுந்து நிற்கும் என்பார்கள். என்பார்கள் என்றால், நான் சொல்வேன்.

போன வாரம் கரண்ட் போய்ப் போய் வந்ததில், ஒரு ஷிப்ட் அடுத்த ஷிப்டுக்கு எழுதிவைக்கும் குறிப்புகளில் பல பழுதாகிவிட்டன. என் இடத்துக்கு வந்திருக்கும் ஜாஸ்மின் போன் செய்தாள். "ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்க சார், ப்ளீஸ்."

எல்லாக் குறிப்பும் 'ஒப்படைத்தேன்' என்று முடியும். அந்தச் சொல் இல்லாத கோப்புகளை மட்டும் காட்டு என்று கிரெப் என்ற தேடல் கட்டளையை ஒரு வரி தட்டினேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் பழுதானவை அத்தனையும் வரிசையில் வந்து நின்றன. ஜாஸ்மின் வாயைப் பிளந்தாள். கொட்டாவி என்று சிலர் சொல்வார்கள்.

கை சும்மா இருக்குமா? அடுத்து என் பெயரைக் கொடுத்துத் தேடினேன்.

"செல்வநாதன் சார் வந்தார். அதுவரை லைன் ஓடிக்கொண்டிருந்தது."

"செல்வநாதன் சார் சரிசெய்த பிரிண்டரைச் சரிசெய்ய ஆள் தேவை."

இவ்வளவு தப்பான தகவல் உள்ள கோப்பு பழுதான கோப்புதானே? அவற்றையும் சேர்த்தே அழித்தேன். கோபமெல்லாம் இல்லை, ஒவ்வொன்றையும் ரசித்துப் படித்துவிட்டுத்தான் அழித்தேன்.

கடைசியாகப் போனது, அன்று காலை ஷிப்டில் பிரஸ் ஓட்டிய கோதண்டம் எழுதியது. "செல்வநாதன் சார் நாலாம் பிரஸ் சென்சார் வயர கயட்டி வுட்டாரு. மாட்டுற வரிக்கும் யாரும் ஓட்டாதீங்க."

கழற்றியது உண்மைதான். டீ குடிக்கப் போகிற வழியில் பார்த்தேன். யாராவது கையை உள்ளே நீட்டினால் போதும், தகட்டை அழுத்தும் பிரஸ்ஸை அந்த சென்சார் உடனே நிறுத்திவிடுகிறது. உற்பத்தி என்ன ஆவது?

அடுத்த ஷிப்ட் ஜாக்சன். திரையில் குறிப்பு எதுவும் இல்லை, பிரஸ்ஸை ஓட்டினான். சென்சார் வேலை செய்கிறதா என்று பார்க்க அவன் தன் டிபன் பாக்ஸை நீட்டுவது வழக்கம். மற்றவர்கள் கையைத்தான் நீட்டுவார்கள்.

கோதண்டத்திடம் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு என்னிடம் வந்தான். "இன்னா சார், லெமன் சாதத்த அப்பளமா ஆக்கிட்டீங்களே." நசுங்கிய டிபன் பாக்ஸை வாங்கித் தூக்கிப் பிடித்தேன். அதன் வழியே ஸ்ரீபெரும்புதூர் தெரிந்தது. அவன் விரல்கள் எல்லாம் இருந்தன, பார்த்துக்கொண்டேன்.

எச்சரிக்கை எழுதாத குற்றத்துக்குக் கோதண்டத்தை வேலையை விட்டு நிறுத்தப் போவதாகக் கேள்விப்பட்டேன். பாவம், மகள் கல்யாணத்தை வைத்துக்கொண்டிருக்கிறான். அதனால்தான் நானாகவே வந்தேன். வயரைக் கழற்றியது நான். குறிப்பை அழித்ததும் நான்.

அவன் குறிப்பைத் திரும்பவும் கணினியில் ஏற்றிவிட்டேன், திறந்து பாருங்கள். எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கும். உண்மை உங்களுக்குத் தெரிந்தால் போதும், பதிவில் எதற்கு என்று, என் பெயர் இருந்த இடத்தில் மட்டும் ஜாஸ்மின் என்று போட்டிருக்கிறேன். சின்னப் பெண், தாங்கிக்கொள்வாள்.